11 வயது டீசல் ஃபோர்க்லிஃப்ட்: மூன்றரை லட்சம் போட்டுச் சரிசெய்வதா, புதிதாகவே வாங்கிவிடுவதா?

குடோன்காரன்:
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு குடோனைப் பார்த்துக்கொள்கிறேன், டைல்ஸும் சானிட்டரி சாமானும்தான் சரக்கு. மூன்று ஃபோர்க்லிஃப்ட் இருக்கின்றன. 2014இல் வாங்கிய 3 டன் டீசல், 2017இல் வாங்கிய இன்னொரு 3 டன் டீசல், 2019இல் வந்த 2 டன் பேட்டரி வண்டி. தலைவலி மூத்தவரிடம்தான். எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரில் 11,800 மணி நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஆக்சில் மூழ்க இரண்டு நாள் நின்றது, அதற்கப்புறம் மாதம் ஒரு தடவையாவது எதற்காவது படுத்துக்கொள்கிறது. இப்போது புகை, ரேடியேட்டர் கொதிப்பு, பேலட்டைத் தூக்கி நிறுத்தினால் தானாக மெல்ல இறங்குகிறது. மெக்கானிக் எஞ்சின், கியர்பாக்ஸ், சிலிண்டர் சீல், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து 3.5 லட்சம் கேட்கிறார். புதுசு 13 லட்சம், ஜிஎஸ்டி தனி. பழசை எடுத்துக்கொண்டு 1.75 லட்சம் கழித்துக்கொள்வதாக டீலர் சொல்கிறார்.

முதலாளி "ரெண்டு வருஷத்துல 4.6 லட்சம் இதுக்குக் கொட்டியிருக்கேன், இப்ப விட்டா அத்தனையும் வீண்" என்கிறார். எனக்கு விற்றுத் தொலைத்தால் போதும் என்றிருக்கிறது. ஆயுதபூஜைக்குள் முடிவு சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை மாமா:
தம்பி, புகை வருகிறது என்பதற்காக யாரும் ஃபோர்க்லிஃப்டைக் கழிப்பதில்லை. எஞ்சின் என்பது லைனர், பிஸ்டன், ரிங், ஹெட் வேலை, அவ்வளவுதான். நல்ல லேத் பட்டறை பக்கத்தில் இருந்தால் பத்து நாளில் எழுந்து நிற்கும். சிலிண்டர் சீல் அதைவிடச் சின்ன வேலை. நான் பார்ப்பது வேறு. மாஸ்ட் சேனல், அதாவது ஃபோர்க் ஏறி இறங்குகிற நிமிர்ந்த இரும்புச் சட்டம், எப்படி இருக்கிறது, சேஸிஸில் எங்காவது வெல்டிங் வைத்திருக்கிறார்களா, பின்பக்க ஸ்டீயரிங் ஆக்சிலில் சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங்பின் எவ்வளவு ஆடுகிறது. இந்த மூன்றும் நன்றாக இருந்தால் 11,800 மணி நேர வண்டியை இன்னொரு 5,000 மணி நேரம் ஓட்டலாம். இவற்றில் மாஸ்ட் போயிருந்தால் மூன்றரை லட்சம் என்ன, ஒரு லட்சம் போட்டாலும் தண்டம்.

கியர்பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் ஸ்டால் டெஸ்ட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரில் போட்டு, முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம், எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது; சில விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, முன்னால் ஆள் நிற்கக் கூடாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதைவிட அதிகம் வந்தால் கியர்பாக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது, குறைவாக வந்தால் எஞ்சினுக்குத்தான் தெம்பில்லை. இதைச் செய்யாமலே "ரெண்டையும் பிரிச்சுடலாம் சார்" என்று சொல்கிற ஆள் உங்கள் பணத்தில் தேடிப் பார்க்கப்போகிறார் என்று அர்த்தம்.

இறங்குகிற கதையும் அப்படித்தான். லோடைத் தூக்கி எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். எண்ணெய் சிலிண்டர் வழியாகவும் கசியலாம், கன்ட்ரோல் வால்வு வழியாகவும் கசியலாம். வால்வு என்றால் சீல் கிட் மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
உங்கள் முதலாளி சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த 4.6 லட்சம் போயே போய்விட்டது. வண்டியை வைத்துக்கொண்டாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. இனிமேல் போகப்போகிற பணத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். அந்த 4.6க்கு ஒரே ஒரு உபயோகம், அடுத்த இரண்டு வருடம் எப்படி இருக்கும் என்று ஊகிக்க உதவும்.

வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? அதைச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

குடோன்காரன்:
ஒரு நாளைக்குச் சுமார் 4 மணி நேரம், வருடம் 300 நாள். 1,200 மணி நேரம் வரும். டீசல் ரெஜிஸ்டர்படி வருடம் 3,600 லிட்டர் சொச்சம் குடிக்கிறது. வண்டி நிற்கிற நாளில் வெளியிலிருந்து வாடகைக்கு எடுக்கிறோம், கொண்டுவரும் கூலியோடு நாளுக்கு 6,000. போன வருடம் 14 நாள் அப்படி எடுத்தோம்.

கணக்குப்பிள்ளை:
சரி, மணிக்கணக்காக உடைத்துப் பார்ப்போம்.

பழசு: இரண்டு வருடத்தில் 4.6 லட்சம், அதாவது வருடம் 2.3 லட்சம். 1,200ஆல் வகுத்தால் மணிக்கு 190 ரூபாய் சொச்சம். 14 நாள் வாடகை 84,000, அது மணிக்கு 70. ஆக 260.

புதுசு: 13 லட்சத்துக்கு வாங்கி 8 வருடம் கழித்து 3 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொண்டால் 10 லட்சம் கரைகிறது, 9,600 மணி நேரத்துக்கு மணிக்கு 104. சராசரியாக 8 லட்சம் முடங்கிக் கிடக்கிறது, 10% வட்டி என்றால் வருடம் 80,000, அது மணிக்கு 67. சர்வீஸ் 40 என்று வைப்போம். மொத்தம் 211.

புதுசு ஜெயிக்கிறது. ஆனால் பெரிய வித்தியாசத்தில் இல்லை.

சந்தேகப்பிராணி:
ஒரு நிமிஷம். அந்த 4.6 லட்சத்தில் டயர், ஸ்டார்ட்டிங் பேட்டரி, ஃபில்டர் எல்லாம் சேர்ந்திருக்குமே? புது வண்டி மட்டும் டயர் தேயாமலா ஓடும்? அவற்றைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். பழசின் மேல் எல்லாச் செலவையும் ஏற்றி வைத்துப் புதுசுக்கு 40 ரூபாய் என்று போடுவது நியாயமில்லை.

குடோன்காரன்:
பில்களைத் துழாவினேன். நீங்கள் சொன்னது சரிதான், நாலு சாலிட் டயர், பேட்டரி, பிரேக் லைனிங் சேர்த்து 1.1 லட்சம் வருகிறது.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் 4.6இல் 1.1 போக 3.5 லட்சம், வருடம் 1.75, மணிக்கு 146. வாடகை 70 சேர்த்தால் 216. புதுசு 211. சமம் என்றே சொல்லலாம். சந்தேகப்பிராணிக்கு ஒரு டீ.

இதனால்தான் மணி நேரத்தைக் கேட்டேன். இரண்டு ஷிப்ட் போட்டு வருடம் 2,500 மணி நேரம் ஓட்டுகிற இடமாக இருந்தால் வட்டி மணிக்கு முப்பது ரூபாய்ச் சொச்சமாக இறங்கிவிடும், நிற்கிற நாளும் அதிகமாகச் சுடும், புதுசுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வருடம் 500 மணி நேரம் ஓடுகிற வண்டியை எவ்வளவு பழசானாலும் ரிப்பேர் பார்த்து ஓட்டுவதுதான் புத்தி. நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று, வரி. ரிப்பேர் செலவு அந்த வருடமே முழுதாகச் செலவில் போகும். புது வண்டிக்கு 15% தேய்மானம், அதுவும் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான். அதனால் அக்டோபர் 3ஆம் தேதிக்குள் வண்டியை ஓட்ட ஆரம்பித்துவிடுவது நல்லது. 18% ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும், ஆகவே 13 லட்சத்தையே விலையாக எடுத்துக்கொண்டேன். பழசைக் கொடுக்கும்போது நீங்களும் ஜிஎஸ்டி பில் போட வேண்டியிருக்கும், டீலரின் 1.75இல் அது அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வாடகை வண்டி:
ஏன் வாங்க வேண்டும்? மாதம் 45,000க்கு டிரைவர் இல்லாமல் கிடைக்கும், ரிப்பேர் அவர்கள் தலையில். நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், ஒளிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஒளிக்காததற்கு நன்றி. வருடம் 5.4 லட்சம், 1,200 மணிக்கு 450 ரூபாய். தீபாவளி, பொங்கல் சீசனில் இரண்டு மாதம் எடுப்பதற்குச் சரி.

ராக் நடுவே:
நான் ஓரகடத்தில் ஆபரேட்டர். வண்டியை மாற்றுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், தரையை யாரும் கேட்கவில்லையே? எங்கள் இடத்தில் கான்கிரீட் இணைப்புகள் பெயர்ந்து பள்ளமாகக் கிடந்தன. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை டன் லோடோடு அதில் இறங்கி ஏறினால் மாஸ்ட் ரோலரும் ஸ்டீயரிங் ஆக்சிலும் என்ன ஆகும்? புது வண்டி வந்த ஒன்றரை வருடத்தில் அதே சத்தம் போட ஆரம்பித்தது. பழி டிரைவர் மேல் விழுந்தது, வேறு யார் மேல் விழும். அப்புறம் தரையை எபாக்ஸி போட்டு ஒட்டினார்கள், பாதிப் பிரச்சினை காணாமல் போயிற்று.

குடோன்காரன்:
உண்மையைச் சொன்னால் சரக்கு ஏற்றி இறக்கும் எங்கள் டாக் வாசலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூன்று வருடமாக "அடுத்த மாசம்" என்று இருக்கிறது.

சேஃப்டி ஷூ:
பணக் கணக்கு சமமாக வந்தால் நல்லதுதான், இனி வண்டியைப் பார்த்து முடிவு செய்யலாம். லோடைத் தூக்கும் ஃபோர்க்கின் குதிகால், அதாவது செங்குத்துப் பகுதி வளைந்து படுக்கையாகும் இடம், அங்கே காலிப்பரால் அளவெடுங்கள். தேயாத செங்குத்துத் தண்டில் ஒரு அளவு, குதிகாலில் ஒரு அளவு. 10% தேய்ந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். பத்து சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம், வளையாமல் தாங்கும் பலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.9ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.81. ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விட்டது. ஃபோர்க்கை வெல்டிங் வைத்துக் கனப்படுத்துகிற கொடுமையை நானே பார்த்திருக்கிறேன், செய்யவே கூடாது, சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

ஃபோர்க்கைத் தூக்கும் செயினையும் அளந்து பாருங்கள். லோடு ஏற்றி இழுவிசையில் இருக்கும் பகுதியில், அதிகம் புல்லி மேல் ஓடுகிற இடத்தில், 16 கண்ணி எண்ணி நீளம் எடுங்கள். கண்ணி இடைவெளி 19.05 மில்லிமீட்டர் என்றால் புதிதில் 304.8 இருக்கும். 3% நீண்டுவிட்டால், அதாவது 314ஐத் தொட்டால், மாற்றியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

குடோன்காரன்:
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் அளந்தேன். 2014 வண்டி: ஃபோர்க் தண்டில் 50, குதிகாலில் 43.5. செயின் 315. ஸ்டால் டெஸ்டில் ஆர்பிஎம் குறைவாகத்தான் வந்தது, ஆக கியர்பாக்ஸ் தப்பித்தது, எஞ்சின்தான். ஆக்சில் எண்ணெயை வடித்தால் தண்ணீர் கலந்து பால் அதிகமான காப்பி மாதிரி வந்தது, வெள்ளத்துக்குப் பிறகு யாருமே மாற்றவில்லை போலிருக்கிறது. மாஸ்டைக் கழுவித் துடைத்துப் பார்த்தபோது உள் சேனலில் கீழ்ப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு. பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் நடந்ததா அதற்கு முன் இருந்த மேனேஜர் காலத்திலா தெரியாது.

2017 வண்டி: குதிகால் 47, செயின் 308, மாஸ்ட் சுத்தம். ஹோஸ் இரண்டு வெடித்திருக்கிறது, மாஸ்டைச் சாய்க்கும் டில்ட் சிலிண்டரில் கசிவு.

பட்டறை மாமா:
தழும்பு என்றீர்களே, அதோடு முடிந்தது. நான் எழுதியதை நானே வாபஸ் வாங்குகிறேன், மூத்தவருக்கு ஒரு ரூபாய் போடாதீர்கள். ரோலர் ஓடுகிற சேனலில் வெல்டிங் வைத்தால் அதன் ஓரத்திலேயே அடுத்த விரிசல் பிறக்கும். புது மாஸ்ட் அசெம்பிளி, ஃபோர்க், செயின், எஞ்சின், ஆக்சில் பேரிங் என்று போனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இளையவர் பிழைத்தார். ஹோஸ், டில்ட் சீல், எண்ணெய் எல்லாம் மாற்றி ரேடியேட்டரை வெளியிலிருந்து ஊதிச் சுத்தம் செய்தால் ஐம்பது அறுபதாயிரத்தில் முடியும்.

மின்சாரப்பூனை:
இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ரிப்பேரா புதுசா என்று 5 ரூபாய்க்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. டீசல் ரெஜிஸ்டரைப் பாருங்கள். மணிக்கு 3 லிட்டர், லிட்டர் 92 என்றால் 276 ரூபாய். அதே வேலையை 3 டன் பேட்டரி வண்டி செய்தால் சார்ஜர் இழப்பையும் சேர்த்து மணிக்கு 8 யூனிட் என்று தாராளமாகவே வைப்போம், யூனிட் 8 ரூபாய், 64 ஆகிறது. மணிக்கு 212 மிச்சம், 1,200 மணிக்கு இரண்டரை லட்சம். உங்கள் ஒரு வருட ரிப்பேர் பில்லைவிட அதிகம்! லித்தியம் பேட்டரியோடு 3 டன் வண்டிக்கு விலை கேளுங்கள், டீசலைவிட நாலு லட்சம் கூடுதலாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் ஈடாகிவிடும்.

பட்டறை மாமா:
மழைக்காலத்தில் திறந்த யார்டில் சேற்றில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் வந்து கணக்குச் சொல்லுங்கள். வெள்ளம் வந்த இடம் வேறு. டீசல் வண்டி இரண்டு நாள் மூழ்கியும் எழுந்து வந்தது. மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலரில் தண்ணீர் புகுந்த பேட்டரி வண்டியை யார் எழுப்புவது?

மின்சாரப்பூனை:
நியாயமான கேள்விதான். மூத்தவர் எங்கே ஓடுகிறார்? கூரைக்குள்ளா, யார்டிலா?

குடோன்காரன்:
மூத்தவர் டாக்கில் கன்டெய்னர் இறக்குவார், முக்கால்வாசி கூரைக்குள்தான். யார்டு இளையவர் பொறுப்பு. புயல் எச்சரிக்கை வந்தால் டாக் மேடையில் ஏற்றி நிறுத்த முடியும், நாலு அடி உயரம் இருக்கிறது. போன தடவை யாருக்கும் தோன்றவில்லை.

ராக் நடுவே:
கன்டெய்னருக்குள் டீசல் வண்டியோடு போய்வருகிற எங்களைக் கேட்டால் அன்றே பேட்டரி என்று சொல்லியிருப்போம். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

குடோன்காரன்:
இந்தச் சாக்கில் 2019 பேட்டரி வண்டியையும் கேட்டுவிடுகிறேன். 48 வோல்ட் லெட் ஆசிட். முன்பு ஒரு ஷிப்ட் முழுக்க வரும், இப்போது இரண்டரை மணி நேரத்தில் ஆமை வேகம். டீலர் லித்தியம் மாட்டச் சொல்கிறார். பழுதான மூன்று செல்லை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர்.

மின்சாரப்பூனை:
முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு, ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரால் 24 செல்லையும் தனித்தனியாக எடுத்து எழுதுங்கள். நல்ல செல் 1.28 பக்கம் காட்டும். மூன்று மட்டும் தாழ்ந்து மற்றவை நன்றாக இருந்தால் முதலில் ஈக்வலைசிங் சார்ஜ், அதாவது எல்லா செல்லையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் கூடுதல் சார்ஜ், போட்டுப் பார்க்கலாம். புது செல்லைப் பழைய கூட்டத்தில் சேர்ப்பது வீண், பழசின் நிலைக்கு அதுவும் இழுபடும். அதே வயதுள்ள செல் கிடைத்தால் போடலாம். 1,500 சார்ஜ் என்பது லெட் ஆசிட்டுக்கு வழக்கமான ஆயுள், தினம் ஒன்று என்றால் ஐந்து வருடம். உங்களுடையது தன் காலத்தை வாழ்ந்துவிட்டது.

லித்தியம் மாற்றுவதில் ஒரு சிக்கல். இந்த வண்டிகளில் பேட்டரி வெறும் பேட்டரி அல்ல, பின்பக்க எடையும் அதுதான். வண்டியின் தகட்டில் குறைந்தபட்ச பேட்டரி எடை போட்டிருக்கும். லித்தியம் பாதி எடைகூட இருக்காது, மீதிக்கு இரும்பு வைத்துத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். சார்ஜரும் மாற்ற வேண்டும். ஒரே ஷிப்ட் ஓடுகிற வண்டிக்கு இன்னொரு லெட் ஆசிட்டே போதும் என்பேன், நானே லித்தியம் ஆள் என்றாலும்.

ராக் நடுவே:
தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள்? எங்கள் இடத்தில் சார்ஜ் போடும் முன் விளிம்பு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிடுவார்கள், சார்ஜில் பொங்கி ஆசிட் வழிந்து பேட்டரிப் பெட்டியே அரித்துப்போனது. சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

குடோன்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். கணக்கை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். மணிக்கு 216, 211 என்பதையெல்லாம் அவர் பார்க்கவே இல்லை. மாஸ்ட் தழும்பை நேரில் கொண்டுபோய்க் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், "இதுக்குக் கீழதான் பசங்க நிக்கிறாங்களா" என்று கேட்டார். அதோடு முடிவாகிவிட்டது.

டாக்குக்கு 3 டன் லித்தியம் வண்டி, 17 லட்சத்துக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. செப்டம்பர் கடைசியில் வரும், ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் அதற்குத்தான். இளையவருக்கு 58,000இல் வேலை முடிந்தது. 2019 வண்டிக்குப் புது லெட் ஆசிட், பழைய பேட்டரியைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் ரசீதோடு கொடுத்தோம். காயலான்கடைக்காரர் கூடுதல் விலை சொன்னார், ஆனால் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அப்படிக் கொடுக்கக் கூடாது. டாக் பள்ளமும் ஒருவழியாக அடைபட்டது.

மூத்தவரை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் கெஞ்சிப் பார்த்தார்.

சேஃப்டி ஷூ:
வைத்துக்கொள்ளவே வேண்டாம். சாவி இருக்கும் வரை யாராவது அவசரத்துக்கு எடுப்பார்கள். விற்கும்போதும் மாஸ்டில் வெல்டிங் இருக்கிறது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

குடோன்காரன்:
அப்படியே எழுதினோம். டீலர் 1.75இலிருந்து 1.2க்கு இறங்கிவிட்டார்.

பட்டறை மாமா:
தம்பி, வண்டி இன்னும் போகவில்லை என்றால் ஒரு விஷயம். கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்றீர்களே, அதையும் ஸ்டார்ட்டரையும் மட்டும் தனியாக எடுத்துக்கொள்ள முடியுமா? இங்கே ஒரு 2013 வண்டி அதற்காகவே நாலு மாதமாகக் கட்டை மேல் நிற்கிறது. தனிச்செய்தியில் விலை சொல்லுங்கள்.